ஆழ்கடிக்குக் கம்பி: வலியும் சுத்தமும் ஒரே கணக்கு

எத்துப்பல் என்றால் பார்த்தவுடன் தெரியும், வீட்டுக்கு வருகிற உறவினர்கூட "பிள்ளைக்கு க்ளிப் போடலையா?" என்று கேட்டுவிடுவார். ஆழ்கடி அப்படிக் கண்ணில் படுவதில்லை. முன்பற்கள் வரிசையாக இருக்கும், சிரித்தால் லட்சணமாகக்கூட இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை விலக்கிப் பார்த்தால்தான் மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைப் பாதிக்கு மேலோ முழுவதுமாகவோ மூடியிருப்பது தெரியும். மேல்பல் கீழ்ப்பல்லின்மேல் 2 முதல் 3 மில்லிமீட்டர் படிந்திருப்பது இயல்பு. அதைத் தாண்டி 4, 5 என்று போகும்போது பல் மருத்துவர் 'டீப் பைட்' என்று சீட்டில் எழுதுகிறார்.

அப்படி எழுதப்பட்ட எல்லோருக்கும் கம்பி வேண்டும் என்பதில்லை. பல் சீரமைப்பு யாருக்குத் தேவை என்று தரம்பிரிக்க 1989இல் பிரிட்டனில் உருவான ஐ.ஓ.டி.என். அளவுகோலில் ஐந்து படிகள் உண்டு. கடி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஈறிலோ அண்ணத்திலோ காயம் இல்லையென்றால் அது மூன்றாம் படியைத் தாண்டாது. காயம் இருந்தால் நான்காம் படி, அதாவது சிகிச்சை தேவை. காயம் என்றால் என்ன? கீழ்ப்பல் நுனிகள் மேல் பற்களுக்குப் பின்னால் அண்ணத்துச் சதையில் குத்திக் குத்திப் பதித்த தடம். அல்லது மேல் பற்கள் உரசி உரசிக் கீழ் முன்பற்களின் ஈறு கீழே இறங்கியிருப்பது. ஆகவே கம்பி கட்ட வேண்டிய நிலையிலுள்ள ஆழ்கடியில் பெரும்பாலும் ஈறு ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. அந்த ஈறின் ஓரத்தில்தான் கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டை ஒட்டப்போகிறோம்.

ஆழ்கடியைத் திருத்தும் முறைகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. சிகிச்சை நடக்கும் ஏறக்குறைய இரண்டு வருடமும் நோயாளியின் வாய் படும் பாட்டைப் பற்றி அந்த அளவு எழுதப்படவில்லை. எழுதுகிறவர்களும் வலியை ஒரு அத்தியாயத்திலும் வாய்ச் சுத்தத்தை இன்னொன்றிலும் பிரித்து வைத்துவிடுகிறார்கள். கடலூர் மாவட்டத்து நோயாளியின் அன்றாடத்தை முன்னால் வைத்துப் பார்த்தால் இரண்டும் பிரியாது. வலிக்கிற வாரத்தில் பிரஷ் வாய்க்குள் போவதில்லை. பிரஷ் போகாத வாரத்தில் ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈறு அடுத்த மாதம் இன்னும் வலிக்கிறது. இந்தச் சுழலை உடைப்பது நோயாளியின் பொறுப்பு என்று ஒதுக்கிவிடுவதுதான் நம்மூர்ப் பல் சீரமைப்பின் பெரிய குறை என்று நினைக்கிறேன். சுழலை உடைப்பதும் சிகிச்சையின் பகுதி. கம்பி மாற்றுவதற்கு நேரம் ஒதுக்குவதுபோல் அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்குப் பல் சீரமைப்பு என்றால் இரண்டு திசை. வடக்கே புதுச்சேரி, இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தெற்கே சிதம்பரம், அதைப்போல் இரண்டு மடங்கு தூரம். சிதம்பரத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் தொடங்கியது. 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை 2013இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட பிறகும் மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களின் கட்டணம் அரசுக் கல்லூரி அளவுக்கு இறங்கவில்லை. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி இரண்டையும் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவர அரசு ஆணையிட்டது. பல் மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. சென்னையில் 1953இல் தொடங்கிய கல்லூரி, இது, 2023இல் திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி என்று மாநிலத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. காட்டுமன்னார்கோயில், புவனகிரி, பரங்கிப்பேட்டை, சீர்காழிப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தனியார் கிளினிக் கேட்கும் தொகையைப் புரட்ட முடியாதபோது அண்ணாமலை நகர்தான் கதி.

கட்டணம் குறைந்தாலும் காலம் குறையாது. நிலைக்கம்பிச் சிகிச்சை சராசரியாக இருபது மாதம் பிடிக்கிறது என்று 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. மாதம் ஒருமுறை என்றாலே இருபது தடவை பஸ் ஏற வேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில்தான். கடலூர் - சிதம்பரம் வண்டியில் அம்மாவுக்கும் டிக்கெட், பிள்ளைக்கும் டிக்கெட். அம்மா முந்திரி உடைக்கப் போகிறவராக இருந்தால் அன்றைய கூலியும் போகும். இவ்வளவும் செலவழித்து, இரண்டு வருடம் கழித்து, பல் நேராகி, சுத்தம் தவறியதால் வந்த வெள்ளைத் திட்டுகளோடு பிள்ளை வீடு திரும்பினால் அந்தக் குடும்பத்துக்கு அது நஷ்டம்தான்.

ஆழ்கடியைத் திறக்க அடிப்படையில் இரண்டு வழி: கடைவாய்ப் பற்களைக் கொஞ்சம் உயர விடுவது, அல்லது முன்பற்களை எலும்புக்குள் கொஞ்சம் அமுக்குவது. பெரும்பாலும் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள். வளர்கிற பிள்ளைக்கு முதல் வழி கைகொடுக்கும். கடைவாய்ப் பல் 1 மில்லிமீட்டர் உயர்ந்தால் முன்பக்கக் கடி ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் வரை திறக்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்காக மேல் முன்பற்களின் பின்பக்கத்தில் சிறு திட்டுகளை ஒட்டுகிறார்கள். 'பைட் டர்போ' என்று பெயர், பல நேரம் நீல நிறம். கழற்றி மாட்டும் அக்ரிலிக் தட்டாகவும் இருக்கலாம். கீழ் முன்பற்கள் அந்தத் திட்டில் முட்டி நின்றுவிடும். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாது.

அன்று இரவு வீட்டில் நடப்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தட்டில் இட்லி. பிள்ளை கடிக்கிறது, இரண்டு கீழ்ப்பல் மட்டும் நீலத் திட்டில் இடிக்கிறது, பின்னால் எதுவும் சேரவில்லை. இட்லியை நாக்கால் அண்ணத்தில் நசுக்கி முழுங்குகிறது. "டாக்டர் ஏதோ மாத்தி ஒட்டிட்டார் போல" என்று அப்பா பதறுகிறார். பேச்சும் மாறியிருக்கும். அண்ணத்தைத் தட்டு மூடியிருந்தால் நாக்கு மேலே போய்ச் சுழல வேண்டிய ழகரமும் ளகரமும் வழுக்கும். பல்லுக்குப் பின்னால் திட்டு இருந்தால் சகரத்தில் காற்று கசியும். இதெல்லாம் எதிர்பார்த்ததே. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் பழகிவிடும். கடி சேராமல் இருப்பதுதான் சிகிச்சை என்பதை ஒட்டுவதற்கு முன்பே, கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சொல்லியிருந்தால் அந்த இரவு அவ்வளவு கலவரமாக இருந்திருக்காது. இரண்டு நிமிட வேலை.

இரண்டாவது வழியான முன்பல்லை அமுக்குவதில் நம் மக்களிடம் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. "நல்லா இறுக்கி விடுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்பார்கள். வலி அதிகமென்றால் வேலையும் அதிகம் என்ற எண்ணம். உண்மை நேர்மாறு. பல்லை எலும்புக்குள் அமுக்கும்போது விசை முழுவதும் வேர் நுனி என்ற மிகச் சிறிய இடத்தில் குவிகிறது. ஆகவே ஒரு பல்லுக்கு 10 முதல் 20 கிராம் விசை போதும் என்கிறது பாடநூல். பல்லை முழுதாக நகர்த்தத் தேவைப்படும் விசையில் இது சிறு பங்கு. அதற்கு மேல் கொடுத்தால் வேர் நுனி கரையும் ஆபத்து கூடும். பல்வரிசையின் இயல்பான குழிவை ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஷ்பே 1890இல் விவரித்தார். அந்தக் குழிவுக்கு எதிராக வளைத்த நிக்கல் - டைட்டானியம் வயரை ஆழ்கடிக்குப் பயன்படுத்துகிறார்கள். பர்ஸ்டோன், ரிக்கெட்ஸ் போன்ற பல் சீரமைப்பு நிபுணர்கள் வகுத்த முறைகளில் கடைவாய்ப் பல்லிலிருந்து முன்பல்லுக்கு நீண்டு வரும் மெல்லிய வில்கம்பி இதையே இன்னும் அளவாகச் செய்கிறது. ஆழ்கடியில் மென்மையான விசைதான் சரியான சிகிச்சை. நோயாளிக்கும் அதுவே வசதி. இந்தச் செய்தி சிகிச்சைக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஜப்பானில் கனோமி என்ற மருத்துவர் 1997இல் முன்பல்லை அமுக்கச் சிறு திருகாணியை எலும்பில் பொருத்திக் காட்டினார். இப்போது பெரியவர்களுக்கு அது சாதாரணம். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள திருகை ஈறு வழியாகச் செலுத்துகிறார்கள். கேட்கும்போது இருக்கும் பயம் போட்ட பிறகு இருப்பதில்லை. ஆனால் நூற்றுக்குப் பதின்மூன்று, பதினான்கு திருகு தளர்ந்து விழுகிறது என்று 2012இன் தொகுப்பாய்வு சொல்கிறது. திருகைச் சுற்றி அழுக்கு சேர்ந்து ஈறு வீங்குவது தளர்வுக்கு ஒரு முக்கியக் காரணம். இங்கேயும் சுத்தம்தான் சிகிச்சையைத் தாங்கிப் பிடிக்கிறது.

இன்னொன்று. கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் வெள்ளை பிராக்கெட் கேட்கிறார்கள். ஆழ்கடியில் கீழ் முன்பற்களுக்கு அது வேண்டாம். பீங்கான் பிராக்கெட் பல் எனாமலைவிடக் கடினமானது. கடிக்கும்போது மேல்பல் அதன்மீது மோதி நாளடைவில் தேயும். கடி திறக்கும்வரை கீழே உலோகமே நல்லது.

வலிக்கு வருவோம். கம்பி கட்டிய சில மணி நேரத்தில் தொடங்கி, மறுநாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் அடங்குவது அதன் பாதை. சுவிட்சர்லாந்திலிருந்து 1996இல் வந்த ஆய்வொன்றில் 4 மணி நேரத்தில் 65 சதவீதம் பேரும் 24 மணி நேரத்தில் 95 சதவீதம் பேரும் வலி இருப்பதாகச் சொன்னார்கள். கடைவாயைவிட முன்பற்களில் வலி அதிகம். ஆழ்கடியில் நாம் கை வைப்பதும் முன்பற்களில்தான். பாராசிட்டமால் போதும் என்று பல மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் தடுக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் பல் நகர எலும்பைத் தயார்செய்கிறது. ஒன்றிரண்டு மாத்திரையால் சிகிச்சை நின்றுபோகாது. மருந்துக்கடையில் வாங்கி வாரக்கணக்கில் விழுங்கக் கூடாது என்பதுதான் பொருள்.

மாத்திரையில்லாத வழிகளில் இரண்டு என்னைக் கவர்ந்தன. 2016இல் இங்கிலாந்தில் ஒன்பது மருத்துவமனைகளில் ஆயிரம் பேரிடம் நடந்த சோதனையில் சர்க்கரையில்லாச் சூயிங்கம் மென்றவர்கள் குறைவாக இபுப்ரோஃபென் சாப்பிட்டார்கள். பிராக்கெட் உடைவதும் கூடவில்லை. நம் பெட்டிக்கடையில் தொங்கும் பபுள்கம் பெரும்பாலும் சர்க்கரை என்பதால் இதை அப்படியே இங்கே பரிந்துரைக்க முடியாது. மற்றொன்று எந்த ஊருக்கும் பொருந்தும். 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கம்பி கட்டிய 150 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றிரவு போன் செய்து வலி பற்றி விவரமாகப் பேசினார்கள். ஒரு குழுவுக்கு "வந்ததற்கு நன்றி" என்ற அளவில் பேசினார்கள். மூன்றாம் குழுவுக்குப் போனே இல்லை. போன் வந்த இரண்டு குழுவுக்கும் வலியும் பதற்றமும் குறைவு. என்ன பேசினார்கள் என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. யாரோ கேட்டார்கள் என்பதே வேலை செய்தது. அண்ணாமலை நகரில் பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. வலி குறைக்க என்று லேசர் கருவி வாங்குவதற்கு முன்னால் செய்யக்கூடியது இது.

கம்பி உரசிக் கன்னத்தில் புண் வந்தால் மருத்துவமனை தரும் மெழுகை உருட்டி அந்த பிராக்கெட்டின்மேல் அப்ப வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்க வேண்டும். வயர் முனை நீட்டிக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை; போய் வெட்டிக்கொள்ளலாம்.

சாப்பாட்டில்தான் வலியும் சுத்தமும் நேரடியாகச் சந்திக்கின்றன. முதல் வாரத்தில் எல்லோரும் சொல்வது 'மெதுவான சாப்பாடு'. குழைந்த சாதம், இட்லி, கஞ்சி, பிஸ்கட்டைப் பாலில் நனைத்து. இவை பல்லுக்கு இதமானவை. அதே சமயம் பிராக்கெட்டின் இடுக்கில் பசைபோல் ஒட்டுபவை. பிரஷ் தொட்டாலே வலிக்கிற நாட்களில், மிக அதிகமாக ஒட்டும் உணவு. எச்சரிக்கைப் பட்டியல்கள் முறுக்கைத் திட்டுகின்றன, கஞ்சியைப் பாராட்டுகின்றன; கஞ்சி குடித்தபின் வாயைக் கொப்பளிக்கச் சொல்ல மறந்துவிடுகின்றன. தயிர்சாதம், பருப்புசாதம், நன்றாக வெந்த காய், முள் நீக்கிய மீன், முட்டை என்று போனால் ஒட்டுவதும் குறையும், சத்தும் சேரும். சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சு இந்த வாரத்துக்கு நல்ல துணை.

உடைப்பவை இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பொங்கல் சமயத்தில் கரும்பைப் பல்லால் உரிக்காத பிள்ளை கிடையாது. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் அதற்குப் பொங்கல்கூட வர வேண்டியதில்லை. ஆழ்கடி உள்ளவரின் கீழ் பிராக்கெட் ஏற்கெனவே மேல்பல்லின் இடியைத் தாங்கிக்கொண்டிருக்கும். கரும்பு ஒரே கடியில் அதைக் கழற்றிவிடும். கழன்றால் இன்னொரு பயணம், சிகிச்சையும் சில வாரம் தள்ளும். கரும்பைச் சாறாகக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்கலாம். பண்ருட்டி முந்திரியை ஊறவைத்து அரைத்துக் குழம்பில் சேர்க்கலாம். பலாச்சுளையைச் சிறிதாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம், நார் சிக்கினால் எடுத்துவிட வேண்டும். பாரி நிறுவனத்தின் காலத்திலிருந்தே நெல்லிக்குப்பத்தில் மிட்டாய்த் தொழிற்சாலை உண்டு. ஆனால் ஒட்டும் மிட்டாய் மட்டும் இந்த இரண்டு வருடத்துக்கு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். பிராக்கெட்டைப் பிடித்து இழுக்கும், சர்க்கரையையும் அங்கேயே விட்டுப்போகும். வெற்றிலையோடு கொட்டைப்பாக்கு மெல்லும் பெரியவர்களுக்கும் அதே கண்டிப்பு.

சுத்தம் தவறினால் என்ன ஆகும்? 1982இல் அமெரிக்காவில் கோரெலிக் குழுவினர் செய்த கணக்கெடுப்பில், கம்பி சிகிச்சை முடித்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது வெள்ளைத் திட்டு இருந்தது. கம்பி போடாதவர்களில் கால்வாசிக்குத்தான். பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் தங்கும் படலத்தில் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, பி.எச். அளவு 5.5க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். நான்கு வாரத்திலேயே திட்டு தெரியலாம். நான்கு வாரம் என்பது ஒரு மருத்துவமனை வருகைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. ஒரு மாதம் சோம்பினால் போதும்.

ஆழ்கடியில் பிரஷ் செய்வதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சொல்லித்தருபவர்கள் அதைக் குறிப்பிடுவது அபூர்வம். நம் பிள்ளைகள் முன்பல்லைத் தேய்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு 'ஈ' என்று காட்டித் தேய்ப்பார்கள். ஆழ்கடி உள்ள பிள்ளை அப்படிக் கடித்தால் கீழ் பிராக்கெட்டுகள் மேல்பல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிரஷ் மேல்பல்லை மட்டும் இரண்டு நிமிடம் பளபளப்பாக்கும். கீழே ஒன்றும் போகாது. வாயைப் பாதி திறந்து, கீழ் உதட்டை விரலால் இறக்கி, பிரஷை பிராக்கெட்டின் கீழே ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து மெல்ல ஆட்ட வேண்டும். பிறகு பிராக்கெட்டின் மேலே, மேலிருந்து கீழாக. அதன்பின் கூம்பு வடிவச் சின்ன பிரஷை வயருக்கு அடியில் நுழைத்துப் பல்லுக்குப் பல் துழாவ வேண்டும். மேல்பல்லின் பின்னால் டர்போ இருந்தால் அதன் ஓரத்தையும். ஈறிலிருந்து ரத்தம் வந்தால் பயந்து நிறுத்துவது இயல்பு. அங்கேதான் இன்னும் மென்மையாக, இன்னும் தவறாமல் தேய்க்க வேண்டும். சில நாளில் ரத்தம் நிற்கும்.

எதைக் கொண்டு தேய்ப்பது என்பதில் சந்தை நிறைய பேசுகிறது. மின்பிரஷ் பொதுவாகச் சாதாரண பிரஷைவிடச் சற்று அதிக அழுக்கை எடுக்கிறது என்று 2014இன் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. கம்பி போட்டவர்களுக்கு அதே பலன் உறுதியாக நிரூபணமாகவில்லை. பணம் இருந்தால் வாங்கலாம், இல்லையென்று வருந்த வேண்டாம். ஃபுளோரைடு விஷயம் முக்கியமானது. ஸ்வீடனில் 2007இல் வெளிவந்த சோதனையில், ஒவ்வொரு வருகையிலும் ஃபுளோரைடு வார்னிஷ் பூசப்பட்டவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கும் பூசாதவர்களில் 25 சதவீதம் பேருக்கும் திட்டு வந்தது. மருத்துவ உலகம் இதைப் பெரிதும் நம்பியது. 2019இன் காக்ரேன் மறுபார்வை அந்த நம்பிக்கையைத் தணித்தது: மருத்துவர் போடும் ஃபுளோரைடு நுரைக்கும், 5000 பிபிஎம் அளவுள்ள பேஸ்ட்டுக்கும் ஓரளவு சான்று உண்டு, மற்றவற்றுக்கு வலுவான சான்று போதவில்லை என்றது. நம் நாட்டு விதிப்படி பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. மூலிகைப் பேஸ்ட் என்று விற்பவற்றில் பலவற்றில் ஃபுளோரைடே கிடையாது. ஆகவே டியூபின் பின்பக்கத்தைப் படித்து வாங்குவது, துப்பிய பிறகு வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் இருப்பது, மருத்துவர் சொன்னால் 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு கொப்பளிப்பை வேறொரு நேரத்தில் சேர்ப்பது: சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு போதும். சான்று முழுமையாகவில்லை என்றாலும், கைக்கெட்டும் பாதுகாப்பில் இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

பல்பொடி? விரலால் தேய்க்கும் பொடி வயருக்கு அடியில் போகாது, சொரசொரப்பானது எனாமலைச் சுரண்டும். நல்லெண்ணெய் கொப்பளிப்பது பற்றி 2009இல் சென்னையில் இருபது இளவயதினரிடம் செய்த சிறு ஆய்வில், ஈறு வீக்கம் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்புக்கு இணையாகக் குறைந்தது. அவர்கள் கம்பி போட்டவர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, எண்ணிக்கையும் சிறியது. பாட்டி சொல்லிப் பழகியவர்கள் தொடரலாம். பிரஷுக்குப் பதிலாக வைத்துவிடக் கூடாது. குளோர்ஹெக்சிடின் நல்ல மருந்து, ஆனால் வாரக்கணக்கில் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏற்றும். ஈறு மோசமான சில நாட்களுக்கு மருத்துவர் சொல்லித்தான்.

கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற அலைனர் தட்டுகளை இப்போது சின்ன ஊர்களிலும் விளம்பரம் செய்கிறார்கள். கழற்றிவிட்டுப் பல் தேய்க்கலாம் என்பதால் ஈறுக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆழ்கடிக்கு அது எவ்வளவு உதவும் என்பதில்தான் கவனம் தேவை. திட்டமிட்ட நகர்வில் எவ்வளவு நிஜத்தில் நடந்தது என்று பார்த்த அமெரிக்க ஆய்வுகளில் சராசரி 2009இல் 41 சதவீதம், 2020இல் 50. 2020இன் ஆய்வில் முன்பல்லை அமுக்குவது பலவீனமான வரிசையில் இருந்தது. லேசான ஆழ்கடிக்குச் சரி. அண்ணத்தில் குத்தும் அளவுக்கு இருப்பவர், சுத்தம் எளிது என்ற ஒரே காரணத்துக்காக லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. கம்பியையே சுத்தமாக வைத்துக்கொள்ள முடியும்.

எங்கே முடியவில்லை என்றால், பள்ளியில். மதியச் சாப்பாடு முடிந்து, மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, குழாயடியில் இருபது பேர் தட்டு கழுவிக்கொண்டிருக்க, ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை பிரஷை எடுத்து வாயைத் திறந்து கம்பியைக் காட்டித் தேய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். கூச்சப்படும். குறைந்தபட்சம் நான்கைந்து முறை தண்ணீரை வாயில் வலுவாகச் சுழற்றிக் கொப்பளிக்கச் சொல்லலாம். நேரம் எடுத்துச் செய்யும் பிரஷிங் இரவில் இருக்கட்டும். இரவில் எச்சில் குறைவதால் அந்த ஒரு வேளை தவறக் கூடாது.

மழைக்காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழிவரை இந்த மாவட்டத்தில் வெள்ளமோ புயலோ வராத வருடம் குறைவு. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இன் பெருமழை, 2024இல் ஃபெஞ்சல் புயல் என்று பஸ் நின்ற நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு வருகை தவறினால் கம்பி ஓய்வெடுப்பதில்லை. எதிர்வளைவு நிக்கல் - டைட்டானியம் வயர் கவனிப்பில்லாமல் மாதக்கணக்கில் வேலை செய்தால் முன்பற்கள் வெளியே சாயலாம், கடி வேண்டிய அளவைத் தாண்டியும் திறக்கலாம். மழைக்கு முந்தைய வருகையில் அளவான வயரைப் போட்டு அனுப்புவது, அடுத்த தேதி தவறினால் யாரைக் கூப்பிடுவது என்று சீட்டில் எண் எழுதிக் கொடுப்பது, அந்த இடைவெளிக்கு வேண்டிய மெழுகையும் சின்ன பிரஷையும் கையில் கொடுப்பது: இவை இந்தக் கடற்கரைக்கே உரிய மருத்துவ நடைமுறையாக வேண்டும்.

மருத்துவமனை இன்னும் என்ன செய்யலாம்? ஈறு வீங்கியிருந்தால் பிராக்கெட் ஒட்டுவதைத் தள்ளிவைக்கும் துணிவு முதலில் வேண்டும். அழுக்கைச் சிவப்பாகக் காட்டும் சாய மாத்திரையை மென்று, கண்ணாடியில் தன் பல்லைத் தானே பார்க்கும் பிள்ளைக்கு அறிவுரை தேவைப்படாது. இத்தாலியில் 2016இல் 80 இளவயதினரிடம் நடந்த ஆய்வில், பாதிப் பேரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, பல் படத்தை வாரந்தோறும் போடச் சொல்லி, சுத்தத்தில் யார் முந்துகிறார்கள் என்று வரிசைப்படுத்தினார்கள். அவர்களுக்கு அழுக்கும், ஈறு வீக்கமும், வெள்ளைத் திட்டும் குறைந்தன. புவனகிரியிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. குழு தொடங்கிக் கவனிக்க ஒரு முதுநிலை மாணவர் போதும். மாணவர்களை மதிப்பிடும்போது எத்தனை கேஸ் முடித்தார்கள் என்பதோடு, முடித்த கேஸில் எத்தனை பல் திட்டில்லாமல் இருக்கிறது என்பதையும் எண்ணினால் எல்லாம் தானாக மாறும்.

கம்பி கழற்றிய பிறகும் ஆழ்கடி திரும்பி வரப் பார்க்கும். அதனால் கீழ் முன்பற்களின் உட்பக்கம் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டி அனுப்புகிறார்கள், இரவில் போட ஒரு தட்டும் தருகிறார்கள். நாக்கடி எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது என்பதால் அந்தக் கம்பியில் காரை சீக்கிரம் படியும். வருடக்கணக்கில் இருக்கப்போகிற கம்பி அது. நூலைக் கம்பிக்கு அடியில் கோத்து இழுத்துத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரை எடுத்துக்கொள்ள வேண்டும். காரை எடுக்க மட்டும் சிதம்பரம் வரை போக வேண்டியதில்லை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் பல் பிரிவிலேயே முடியும். கம்பி ஒட்டியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.